அரை விலைக்கு ரசீது வாங்கியவர்

கூட்டத்தில் கடலைக்காரர் வந்து உட்கார்ந்துவிட்டார் என்றால் அந்தக் கூட்டம் இப்போதைக்குக் கலையாது என்று அர்த்தம். அன்று செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, பதுளை பஸார் வீதியில் மலைச்செல்வம் நிதிக் கம்பெனியின் வாசலில் இரண்டு கடலைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

எண்பதாம் ஆண்டு ஒக்டோபர் மாதம். அந்த வருஷம் நாட்டில் விலை ஏறாத சாமான் எதுவுமில்லை. அதோடு சேர்ந்து வட்டியும் ஏறியது. வங்கிகளே வைப்புக்கு இருபது வீதம் கொடுக்கத் தொடங்கியதும், மலைச்செல்வம் மாதிரிக் கம்பெனிகள் இருபத்தாறு என்று பலகை எழுதி மாட்டின. ஊவா மலைகளில் தகரப் பெட்டியிலும் தலையணை உறையிலும் கிடந்த காசெல்லாம் பஸ் ஏறிப் பதுளைக்கு வந்தது. இப்போது அந்தக் காசைத் தேடி அதே ஜனங்கள் பஸ் ஏறி வந்திருந்தார்கள். கதவு பூட்டியிருந்தது.

பின்வாசலால் உள்ளே விடப்பட்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஷுக்ரி. ஐம்பது வயது, ஒட்டிய கன்னம், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. ஒரு வங்கியில் பதினெட்டு வருஷம் கடன் பரிசோதகராக இருந்தவர். மேலதிகாரியின் மருமகனுக்குக் கொடுத்த கடன் திரும்பி வராது என்று உள்ளதை உள்ளபடி எழுதி வைத்ததால் வேலை போனது. அதற்குப் பிறகு ஒரு தையல் கடையின் மாடியில் அறை எடுத்துக்கொண்டு, காசு சம்பந்தமான களவுகளை மட்டும் துப்பறிந்து வந்தார். ஊரில் அவர் ஒரு விஷயத்தைச் சரி என்றால் சரி, பிழை என்றால் பிழை. அந்தப் பேரைத் தவிர அவரிடம் வேறு சொத்து கிடையாது.

மற்றவன் வீரய்யா, அவரை நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுகிற உதவியாள். தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசைக் குடியிருப்பில் பிறந்து, எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, வாயால் பிழைக்கக் கற்றவன். முப்பத்தைந்து வயதாகியும் அந்த வாய்க்கு ஒரு பூட்டு கிடைக்கவில்லை. யாரைப் பற்றியும் ஒரு நக்கல் அவனிடம் தயாராக இருக்கும். அன்று மட்டும் அது சரியாக வரவில்லை. அந்தக் கம்பெனியில் மாட்டிக்கொண்டிருந்த காசில் ஒன்பதாயிரம் ரூபாய் அவனுடைய சின்னம்மா கருப்பம்மாவுடையது.

புருஷன் செத்தபிறகு வந்த, அவன் சம்பளத்தில் பிடித்த சேமலாப நிதியும், அவள் முப்பது வருஷம் கொழுந்து எடுத்ததற்குக் கிடைத்த கடைசிக் காசும் சேர்ந்த தொகை அது. இந்தியாவுக்குப் போகப் பதிந்திருந்தாள். பாஸ்போர்ட் வந்துவிட்டது, ஆனால் கப்பலுக்கு இன்னும் ஒரு வருஷமாவது ஆகும் என்று எல்லாரும் சொன்னார்கள். பெட்டியில் சும்மா கிடக்கிற காசு, கொழுந்து எடுக்காமலே மாசம் நூற்றுத் தொண்ணூற்றைந்து ரூபாய் வரும் என்று ஆசை காட்டி, கையைப் பிடித்துக் கூட்டிவந்து, ஒரு வருஷத் தவணையில் போட வைத்தவன் வீரய்யாதான். போட்ட நாலாம் மாதம் கப்பலுக்கு நாள் குறித்த கடிதம் வந்து நின்றது. வியாழக்கிழமை ரயிலில் தலைமன்னார், அங்கிருந்து கப்பல். போனால் போனதுதான். ரசீதை வைத்துக்கொண்டு இராமேஸ்வரத்துக் கரையில் நின்று என்ன செய்வது?

கம்பெனி முதலாளி மர்ஸூக் அவர்களுக்காக மாடியில் காத்திருந்தார். கொழுத்த, கனிவான முகம். அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் காசை அவர் கையில் கொடுத்து வைக்கத் தோன்றும். அப்படித்தான் ஆயிரத்து நூறு பேர் கொடுத்தும் வைத்திருந்தார்கள்.

விஷயத்தை அவர் சுருக்கமாகவே சொன்னார். பத்து நாளைக்கு முன் ஒரே காலையில் மூன்று தோட்டங்களின் பெரட்டுக் களத்தில் ஒரே கதை கிளம்பியிருக்கிறது: மலைச்செல்வம் விழப்போகிறது, காசு போட்டவனுக்குக் கைக்கு ஒரு சதமும் வராது. விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில் ஒரு கதையைப் போட்டால் மத்தியானத்துக்குள் மலை முழுக்கப் போய்விடும். போட்டவன் யார் என்று ஷுக்ரி கண்டுபிடிக்க வேண்டும். அப்புத்தளையில் புதிதாகத் திறந்திருக்கும் இன்னொரு கம்பெனியின் வேலையாக இருக்கலாம் என்று அவரே ஒரு வழியும் காட்டினார்.

"ஆளைப் பிடிச்சிட்டு, இது பொய்க் கதைன்டு நீங்க வாசல்ல நின்டு ஒரு சொல்லு சென்னாப் போதும்" என்றார் மர்ஸூக். "என்ட பேச்சை இப்ப ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. உங்கட பேச்சை நம்புவாங்க."

வீரய்யா அதுவரை பொறுத்தது பெரிய விஷயம். சின்னம்மாவின் கதையைச் சொல்லி, வட்டி வேண்டாம், முதலை மட்டும் கொடுங்கள் என்று கேட்டான். மர்ஸூக் உண்மையாகவே வருத்தப்பட்டார். ஒருவருக்குத் தவணைக்கு முன் கொடுத்தால் ஆயிரத்து நூறு பேருக்கும் கொடுக்க வேண்டும், அது ஏலாத காரியம் என்றார். நியாயமான பேச்சு. நியாயமான பேச்சு பேசுகிறவர்களிடம் வீரய்யாவுக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு.

கீழே இறங்கும்போது ஷுக்ரி கூடத்தில் நின்றார். சுவரில் இரண்டு பலகைகள். ஒன்றில் வைப்புக்குக் கொடுக்கும் வட்டி. அதைப் பன்னிரண்டு என்று எழுதி, பதினெட்டு என்று மாற்றி, இருபத்திரண்டாக்கி, இப்போது இருபத்தாறாக நிறுத்தியிருந்தார்கள். பழைய இலக்கங்கள் பெயிண்டுக்கு அடியில் புடைத்துக்கொண்டிருந்தன. மற்றப் பலகையில் லொறி, டிராக்டர் கடனுக்கு வாங்கும் வட்டி: பதினெட்டு வீதம், ஐந்து வருஷம். அதை மாட்டிய நாளிலிருந்து யாரும் தொட்டதாகத் தெரியவில்லை.

"அந்தப் பலகைக்கு அடிச்ச பெயிண்டுக் காசிலயே எங்க சின்னம்மாவ கப்பல் ஏத்தியிருக்கலாம் நானா" என்றான் வீரய்யா.

ஷுக்ரி சிரிக்கவில்லை. கதையைப் போட்டவன் யார் என்று தேடினால் நூறு வாய் வரும், ஒரு வாயும் ஒப்புக்கொள்ளாது என்றார். அந்தக் கதையால் யாருக்கு என்ன கிடைத்தது என்று தேடினால் ஒரே ஒரு பைதான் வரும். அந்தப் பையைத் தேடிப் போவோம் என்று பஸ் நிலையத்துக்கு நடந்தார்.

ஹாலிஎலவில் இறங்கி இரண்டு மைல் மேலே ஏறினால் இரட்டைப்பாலத் தோட்டம். கருப்பம்மாவின் லயம் மேற்பிரிவில் இருந்தது. மழை விட்ட மத்தியானம், பாதை வழுக்கியது. ஷுக்ரியின் வெள்ளைக் கால்சட்டை முழங்கால்வரை செம்மண் ஆனபோதும் அவர் குனிந்து பார்க்கவில்லை.

கருப்பம்மா பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். போகிற ஊரில் கிடைக்குமோ கிடைக்காதோ என்று அம்மிக்கல்லைக் கூடச் சாக்கில் கட்டி வைத்திருந்தாள். வீரய்யாவைக் கண்டதும் காசைப் பற்றிக் கேட்கவில்லை. தேத்தண்ணி குடிக்கிறாயா என்றுதான் கேட்டாள். கேட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அதே லயத்தில் பக்கத்து அறையான காம்பிராவிலிருந்து கணபதி நொண்டிக்கொண்டு வந்தார். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி பட்டு, கெண்டைக்காலில் துணி சுற்றியிருந்தது. அதனால் ஒரு கிழமையாக வேலைக்குப் போகாமல் லயத்தில் நடப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர். ஷுக்ரி தேடி வந்த ஆள் அவர்தான் என்று சொல்ல வேண்டும்.

கதை கிளம்பிய மூன்றாம் நாள், குடையும் தோல்பையுமாக ஓர் ஆள் வந்தாராம். நல்ல மனுஷன் மாதிரி. கம்பெனி விழப்போகிறது, ஏதோ என்னால் ஆன உதவி, ரசீதைக் கொடுத்தால் பாதிக் காசு இப்போதே கையில் தருகிறேன் என்றாராம். இந்த ஒரு லயத்திலேயே ஏழு பேர் விற்றுவிட்டார்கள். முனியாயி ஆறாயிரத்து ரசீதை மூவாயிரத்துக்குக் கொடுத்துவிட்டு, அந்த ஆளின் காலைத் தொட்டுக் கும்பிட்டாளாம்.

"எழவு விழுகிறதுக்கு முன்னாடியே பொணத்துக்கு வெல பேசுற ஆளு போல" என்றான் வீரய்யா.

ஷுக்ரி ஒரு கேள்வி கேட்டார். லயத்தில் இருபது காம்பிரா இருக்கிறது. அந்த ஆள் இருபது கதவையும் தட்டினாரா? கணபதி யோசித்தார். இல்லை. காசு போட்ட ஒன்பது கதவை மட்டும்தான். அதிலும் கணபதியிடம் இரண்டு ரசீது இருந்தன. ஒன்று பழைய பதினெட்டு வீதம், மற்றது இருபத்தாறு. பழையதை வாங்குகிறீர்களா என்று கேட்டபோது அந்த ஆள் திரும்பியும் பார்க்கவில்லை. இருபத்தாறு வீத ரசீதுதான் வேண்டும் என்றிருக்கிறார். கணபதி யோசிக்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். புதன்கிழமை மறுபடி வருவதாகச் சொன்னாராம்.

"விழப்போற கம்பெனியோட ரசீதை ஒருத்தன் காசு குடுத்து வாங்குறான்" என்றார் ஷுக்ரி. "அதிலயும் கூடுதலா வட்டி குடுக்க வேண்டிய ரசீதா பார்த்து வாங்குறான். சரி. கருப்பம்மா ஏன் விக்கல்ல?"

அதைக் கேட்டதும் கணபதி சிரிக்கத் தொடங்கினார். கருப்பம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த ஆள் லயத்து முனையில் நின்றுகொண்டு வேலாயி யார், வேலாயி வீடு எது என்று கேட்டாராம். இந்த லயத்தில் வேலாயியே கிடையாதே என்று எல்லாரும் அடித்துச் சொன்னார்கள். அவரும் விடாமல், இல்லை, ஒன்பதாயிரம் போட்ட வேலாயி, இங்கேதான் இருக்க வேண்டும் என்று கால்மணி நேரம் நின்றார். கருப்பம்மா அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, யாரோ பாவம், ஆளைக் காணாமல் தேடுகிறார் என்று பரிதாபப்பட்டாளாம். பிறகுதான் தன் பேர்தான் வேலாயி என்பது ஞாபகத்துக்கு வந்திருக்கிறது.

தோட்டத்தில் இது புதினமில்லை. பிள்ளை பிறந்தால் பதிகிற இடத்தில் அன்று வாயில் வந்த ஒரு பேரைக் கொடுத்துவிட்டு வருவார்கள். வீட்டில் கூப்பிடுவது வேறு பேர். வேலை நாள் பதிகிற செக்ரோலில், சம்பளப் புத்தகத்தில், கோயில் வரியில் எல்லாம் அவள் கருப்பம்மாதான். ஐம்பது வருஷத்துக்குப் பிறகு, பாஸ்போர்ட்டுக்காகப் பிறப்புப் பத்திரம் எடுத்தபோதுதான் தான் வேலாயி என்று அவளுக்கே தெரிந்தது. பேர் மாறிப்போனதற்காக அன்று இரண்டு நாள் அழுதாள்.

"அப்பறம் வெளிய வந்து பாத்தேன் சாமி. ரசீத கேட்டாரு. எங்க அக்கா மகன் அத யாருக்கும் குடுக்க வேணாம்னு சொல்லியிருக்கான்னேன்" என்றாள் கருப்பம்மா. "நீ சொன்னா சரியாத்தான இருக்கும்."

வீரய்யா தேத்தண்ணியைக் கீழே வைத்தான்.

"அந்தப் பேர் எங்கெங்க எழுதியிரிக்கி, வீரய்யா?" என்று கேட்டார் ஷுக்ரி.

அவன் விரல் விட்டான். பாஸ்போர்ட்டில். அதுவும் பிறப்புப் பத்திரமும் பெட்டிக்கு அடியில் இருக்கின்றன. ரசீதில். அது அவள் மடியில் இருக்கிறது. மூன்றாவது விரலை அவன் மடக்கவே இல்லை. பாஸ்போர்ட்டைப் பார்த்து அந்தப் பேரை அவன் தன் கையாலேயே எழுதிக் கொடுத்த இடம் ஒன்றே ஒன்றுதான்: மலைச்செல்வம் கம்பெனியின் படிவம்.

பதுளைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் வீரய்யா படிவம் எழுதிய தன் கையையே பார்த்துக்கொண்டு வந்தான். நடத்துநர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்து, சுகமில்லையா என்று கேட்டார்.

மர்ஸூக் அவர்களை அதே கனிவோடு வரவேற்றார். பிளேன்டீ வந்தது. ஷுக்ரி அதைத் தொடாமல், தாள் இல்லாமல் குறிப்பு இல்லாமல், கணக்குப் பாடம் எடுப்பது மாதிரிச் சொல்லத் தொடங்கினார்.

இரண்டு வருஷத்துக்கு முன் கம்பெனி பன்னிரண்டு வீதத்துக்குக் காசு வாங்கி, பதினெட்டுக்கு லொறிக் கடன் கொடுத்தது. ஐந்து வருஷக் கடன். வட்டியை நடுவில் கூட்ட முடியாது. நல்ல வியாபாரம்தான். பிறகு ஊரெல்லாம் வட்டி ஏறியது. காசு போட்டவர்கள் வங்கிக்கு ஓடிவிடாமல் இருக்கப் பலகையை மாற்றி மாற்றி எழுத வேண்டி வந்தது. இப்போது பதினெட்டு வாங்கி, இருபத்தாறு கொடுக்கிறது. நூறு ரூபாய்க்கு வருஷத்துக்கு எட்டு ரூபாய் ஓட்டை. புதிதாக வருகிறவன் போடுகிற முதலை எடுத்துத்தான் பழையவனுக்கு வட்டி போகிறது. கம்பெனி விழப்போகிறது என்ற கதை பொய்யே இல்லை.

"அந்த ஓட்டையை அடைக்க ஒரு வழிதான் இரிக்கி. குடுக்க வேண்டிய கடனையே பாதியாக்கணும்" என்றார் ஷுக்ரி. "கதையைக் கெளப்பி விட்டு, பயந்தவன்ட ரசீதைப் பாதி விலைக்கு வாங்கினா ஆச்சு. எந்தக் கதவைத் தட்டணும்டு உங்கட பேரேட்டுலதான் இரிக்கி, முதலாளி. வேலாயின்டு ஒரு பொம்புளை அந்தப் பேரேட்டுக்கு வெளியில இல்லை."

வாசலில் காசில்லை என்று கதவைப் பூட்டிவிட்டு, பின்வாசலால் அவர்கள் காசையே அனுப்பி அவர்களுடைய ரசீதையே பாதி விலைக்கு வாங்கியிருக்கிறார்கள். வீரய்யாவுக்கு எழுந்து அந்தக் கனிவான முகத்தில் ஒன்று கொடுக்க வேண்டும் போலிருந்தது. கொடுக்கவில்லை. கொடுத்தால் ஒன்பதாயிரம் போய்விடும்.

மர்ஸூக் மறுக்கவே இல்லை. குடை பிடித்துப் போனது தன் மச்சான் ஜாபிர் என்றார். நாலு லட்சத்து ரசீதை இரண்டு லட்சத்துக்கு வாங்கியாகிவிட்டது. அதோடு போதும்.

"அப்ப எங்களை ஏன் கூப்பிட்டீங்க?" என்று வீரய்யா கேட்டான்.

"கதையைக் கெளப்ப ஜாபிர் போதும், தம்பி. அதை நிப்பாட்ட ஏலாது அவனால" என்றார் மர்ஸூக். "இன்னும் ஒரு கெழமை இந்தக் கதை ஓடினா கம்பெனி நெசமாவே முடிஞ்சிரும். நிப்பாட்ட ஒரு நல்ல பேர் வேணும். பதுளையில அப்பிடிப் பேர் ஒண்டுதான் இரிந்திச்சி."

ஷுக்ரி முதல் தடவையாகக் கீழே பார்த்தார். தன் கால்சட்டையில் ஒட்டியிருந்த செம்மண்ணை நகத்தால் சுரண்டினார். அவர் காசுக்கு விலைபோகாதவர் என்பதற்காகவே வாங்கப்பட்டிருந்தார். அது அவருக்கு உறைத்தது.

பிறகு மர்ஸூக் தன் கணக்கைச் சொன்னார். பெட்டகத்தில் மிச்சம் ஒரு லட்சத்து இருபதாயிரம் இருக்கிறது. நீங்கள் இப்போது கீழே போய் உள்ளதைச் சொல்லலாம். கதவை உடைத்துக்கொண்டு முதலில் வருகிற பதினைந்து பேருக்குக் காசு கிடைக்கும், மிச்சம் ஆயிரத்துச் சொச்சம் பேருக்கு நாற்காலியும் மேசையும் கிடைக்கும். கொழும்புக்கு எழுதினால் பதில் வர ஆறு மாதம். சொல்லாமல் விட்டால் ஓட்டை கொஞ்சம் சிறுத்திருக்கிறது, புதுக் காசு வரும், வட்டி இறங்கினால் எல்லாருமே தப்பலாம்.

"வட்டி எறங்குமா?" என்று கேட்டான் வீரய்யா.

"அதை வங்கியில இருந்தவர்ட கேளுங்க" என்றார் மர்ஸூக்.

ஷுக்ரி பேச்சை மாற்றினார். ஏழு பேருக்கும் பறித்த பாதியைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தார். விற்றது விற்றதுதான் என்றார் மர்ஸூக். வேலாயியின் ஒன்பதாயிரம் வேறு விஷயம். அவர் ரசீதை விற்கவில்லை, ஊரை விட்டும் போகிறார், அதை நாளைக்கே முழுசாகக் கொடுத்துவிடலாம் என்றார். இந்த முறை யாரும் கேட்காமலே, அவராகவே சொன்னார். அந்த அவசரத்தை வீரய்யா கவனித்தான். கவனித்தும் அது என்ன என்று அவன் யோசிக்கவில்லை. ஒன்பதாயிரம் என்ற சொல்லைத் தவிர வேறெதுவும் அவன் காதில் ஏறவில்லை.

ஷுக்ரி நாற்காலியைத் திருப்பி அவனைப் பார்த்தார்.

"உன்ட சின்னம்மா. படிக்கட்டு அந்தா இரிக்கி. எறங்கிப் போய்ச் சொல்றதா, காசை வாங்குறதா, நீயே செல்லு."

கீழே வாசலில் யாரோ ஒரு கிழவர் காலையிலிருந்து கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். பலமாக இல்லை, ஒரு மரியாதையோடு, உள்ளே ஆள் தூங்கினால் எழும்பட்டும் என்பது மாதிரி. வீரய்யா அதைக் கேட்டான். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேரை அவனுக்கு முகம் தெரியும். சிலரை அண்ணே என்று கூப்பிடுவான்.

"சின்னம்மா காசு" என்றான்.

அன்று சாயந்திரம் ஷுக்ரி வாசல் படியில் நின்று, விசாரித்துவிட்டேன், இது யாரோ கட்டிவிட்ட கதை என்று மூன்றே வசனம் சொன்னார். கட்டிவிட்டது யார் என்று கேட்டதற்குக் காதில் விழாதவர் மாதிரி நடந்தார். கூட்டம் நம்பியது. அரை மணி நேரத்தில் கடலைக்காரர்களும் எழும்பிப் போனார்கள்.

புதன்கிழமை, வேலை முடிந்து எல்லாரும் லயத்துக்கு வந்திருக்கும் நேரமாகப் பார்த்து, கம்பெனி ஜீப் இரட்டைப்பாலத் தோட்டத்துக்கு ஏறியது. பக்கவாட்டில் மலைச்செல்வம் என்று பெரிய எழுத்து. முன்னால் சாரதியும் ஷுக்ரியும். பின்னால் வீரய்யாவும், மர்ஸூக் அனுப்பிய எழுத்தரும். ஜீப்பின் சத்தத்துக்கு மூன்று லயத்துச் சனம் கூடிவிட்டது.

எழுத்தர் ஒன்பதாயிரத்தையும் பத்து ரூபாய்த் தாள்களாகவே கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு தாளாக, எல்லாரும் கேட்கும்படி எண்ணி, கருப்பம்மாவின் கையில் வைத்தார். எண்ணி முடிக்க நேரம் எடுத்தது. யாரும் நகரவில்லை. கருப்பம்மா காசை மடியில் கட்டிக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் வீரய்யாவின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

"எம்புள்ள சொன்னா சொன்னதுதான்" என்றாள்.

கூட்டத்தின் ஓரத்தில் முனியாயி தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். ஒருவரையும் திட்டவில்லை, தன் புத்தியைத்தான் திட்டினாள். பொறுத்திருந்தால் ஆறாயிரமும் கிடைத்திருக்குமே என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அவளைத் தேற்ற வந்த பெண்கள், கருப்பம்மாவைப் பார், படித்த ஆள் சொன்னதைக் கேட்டாள், பிழைத்தாள் என்று வீரய்யாவைக் காட்டினார்கள்.

எழுத்தர் தன் பையைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு புத்தம் புது ரசீதுப் புத்தகத்தை எடுத்து ஜீப்பின் முன்பக்கத்தில் விரித்து வைத்தார். ஒரு பொம்பளைக்குக் காசு கொடுக்க வந்தவருக்கு ரசீதுப் புத்தகம் எதற்கு என்று வீரய்யா ஒரு கணம் விழித்தான். பிறகு விளங்கியது. மர்ஸூக்கின் அவசரம், ஜீப், பத்து ரூபாய்த் தாள், வேலை விட்ட நேரம், எல்லாம் ஒன்றாக விளங்கியது. இந்த ஊரிலேயே மிக மலிவான விளம்பரம் ஒன்பதாயிரம் ரூபாய்க்குக் கிடைத்திருக்கிறது. அதைத் தன் வாயால் கேட்டு வாங்கிக் கொடுத்தவன் அவன்.

கணபதி நொண்டிக்கொண்டு அவனிடம் வந்தார். அன்று ரசீதை வாங்க வருவதாகச் சொன்ன ஆள் வரவே இல்லை என்றார். வராததும் நல்லதாகப் போயிற்று என்றார். இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். பசுவும் கன்றும் விற்ற காசு, இரண்டாயிரத்து எழுநூறு. பேங்கில் போடலாமா, இங்கே போடலாமா என்று ஒரு மாதமாகக் கையில் வைத்திருக்கிறாராம்.

"தம்பி, நீங்க நம்ம புள்ள. ஒளிக்காம சொல்லுங்க. கம்பெனி நல்லாருக்கா?"

வீரய்யா ஷுக்ரியைப் பார்த்தான். அவர் ஜீப்புக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மலையைப் பார்ப்பது மாதிரி உட்கார்ந்திருந்தார். கருப்பம்மா மடியைப் பிடித்தபடி இவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரயில் நாளைக் காலை. இன்று இரவுக்குள் எழுத்தர் அந்தக் காசைத் திரும்பக் கேட்க மாட்டார் என்று என்ன நிச்சயம்? இவ்வளவு நாள் எதற்கும் ஒரு பதில் வைத்திருந்த வாய். அன்று அதிலிருந்து ஒரே ஒரு சொல்தான் வந்தது.

"நல்லாருக்கு."

கணபதி பொட்டலத்தை அவன் கையில் வைத்தார். அந்த இருபத்தாறிலேயே போடச் சொன்னார். அவருக்குப் பின்னால் வரிசை நின்றது. முனியாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, காம்பிராவுக்குள் ஓடி, ஆறாயிரத்துக்குப் பதிலாகக் கிடைத்த அந்த மூவாயிரத்தை அப்படியே எடுத்து வந்தாள். விட்ட காசை வட்டியிலாவது பிடிக்க வேண்டுமாம். பெயர்களை வீரய்யா சொல்லச் சொல்ல, எழுத்தர் எழுதினார். யாரும் தயங்கினால் பக்கத்தில் நிற்கிறவர்களே தைரியம் சொன்னார்கள்.

அன்று சாயந்திரம் இரட்டைப்பாலத் தோட்டத்துக்கு ஒன்பதாயிரம் ரூபாய் கொண்டுவந்த ஜீப், பதினோராயிரத்து நானூறு ரூபாய் ஏற்றிக்கொண்டு பதுளைக்குத் திரும்பியது.